ஃபாரடேயின் டூல் பாக்ஸ்

போன மாசம் என் சித்தி பையனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஐடிஐ முடித்துவிட்டு ஒரு எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரிடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கிறான். முதல் நாளே ஒரு பேப்பரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் செட், டெஸ்டர், வயர் ஸ்ட்ரிப்பர், சுத்தியல், உளி, ஹேக்ஸா, டேப், மல்டிமீட்டர். எல்லாம் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். முதல் ஸ்டைபண்ட் வர இன்னும் ஒரு மாசம் ஆகும். கையில் இருப்பது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். நான் ட்ரிபிள் ஈ ஃபைனல் இயர், அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி, இதில் எதை வாங்கறது அண்ணா என்று கேட்டிருந்தான்.

உங்களிடம் உண்மையைச் சொல்லிடறேன். நாலு வருஷத்தில் நான் சொந்தக் காசு போட்டு வாங்கிய டூல் ஒரே ஒரு செட்தான். ஃபர்ஸ்ட் இயரில் ஆன்லைனில் 499 ரூபாய்க்கு ஒரு கிட் வந்தது. ஒரே பெட்டிக்குள் முப்பத்திரண்டு ஐட்டம். ஹாஸ்டல் ரூமில் சுவிட்ச் போர்டு ஒன்றைக் கழற்றப் போனேன். இரண்டாவது ஸ்க்ரூவிலேயே டிரைவர் முனை மழுங்கிவிட்டது. பிளேயர் வயரை வெட்டுவதற்குப் பதில் கடித்துத் துப்பியது. மீதி ஐட்டங்களை நான் இன்றுவரை தொட்டதில்லை. லேபில் எல்லாமே இருக்கிறது, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கலாம். அதனால் டூல் என்பது காசு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

அவனுக்குப் பதில் டைப் பண்ண உட்கார்ந்தபோதுதான் மைக்கேல் ஃபாரடே ஞாபகத்துக்கு வந்தார். நமக்கு அவர் ஒரு ஃபார்முலா. டி ஃபை பை டி டி, முன்னாடி ஒரு மைனஸ், வைவாவில் அந்த மைனஸ் எதுக்குன்னு கேட்பாங்க, அவ்வளவுதான். ஆனால் அவரும் ஒரு அப்ரண்டிஸ். எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸ் இல்லை, அப்படி ஒரு வேலையே அப்போ உலகத்தில் கிடையாது. புத்தகம் பைண்டிங் செய்கிற கடையில் அப்ரண்டிஸ். அவர் எப்படி, எந்தக் காசில், என்னென்ன சாமான் வாங்கினார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தம்பிக்குப் பதில் போட ரெண்டு நாள் லேட் ஆகிவிட்டது.

ஃபாரடே பிறந்தது 1791 செப்டம்பர் 22. லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே நியூயிங்டன் பட்ஸ் என்ற இடம். அப்பா ஜேம்ஸ் ஒரு கொல்லர், வேலை தேடி வட இங்கிலாந்திலிருந்து வந்தவர். உடம்பு சரியில்லாத மனுஷன். ஒரு நாள் முழுக்கப் பட்டறையில் நிற்க முடியாது, நின்றால் அடுத்த நாள் படுக்கைதான். குடும்பம் கொஞ்ச நாளில் ஒரு வண்டிக் கொட்டகைக்கு மேலே இருந்த வீட்டுக்குக் குடி மாறியது. 1801-ல் தானிய விலை ஏறியபோது, சின்னப் பையன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று கணக்கு. ஒரு வேளைக்கு ஒன்று இல்லை, ஒரு வாரம் முழுவதற்கும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கொஞ்சம், கணக்கு கொஞ்சம். அதோடு படிப்பு முடிந்தது.

1804-ல் பிளாண்ட்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலை. செய்தித்தாள் வாங்கக் காசில்லாதவர்கள் வாடகைக்கு எடுத்துப் படிப்பார்கள். அதை வீடு வீடாகக் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் இப்படி ஓடியது. 1805 அக்டோபரில் ரீபோ அவரை ஏழு வருஷத்துக்கு அப்ரண்டிஸாக எழுதிக்கொண்டார். அந்தக் காலத்தில் தொழில் கற்றுக்கொள்ளும் பையனின் வீட்டார்தான் முதலாளிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். ரீபோ அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஒரு வருஷம் ஒழுங்காக வேலை செய்ததே அதற்கு ஈடு.

ஏழு வருஷம். நம்ம கோர்ஸ் நாலுதான், அதுக்கே அழறோம்.

பைண்டிங் கடையில் ஒரு வசதி உண்டு. தைக்க வரும் புத்தகத்தைப் படிக்கலாம். அப்படி வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதியில் மின்சாரம் பற்றிய கட்டுரை ஒன்றை ஃபாரடே படித்தார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் அறிமுகப் புத்தகமும் கையில் சிக்கியது. இங்கேதான் அவர் நம்மிடமிருந்து வேறுபடுகிறார். படித்தது உண்மையா என்று செய்து பார்த்தே ஆக வேண்டும் அவருக்கு. அதற்கு ஒதுக்க முடிந்தது வாரத்துக்குச் சில பென்னி.

மின்சாரத்தைச் செய்து பார்க்க வேண்டும் என்றால் முதலில் மின்சாரம் வேண்டும். பிளக் பாயின்ட் கிடையாது. அப்போது இருந்த வழி உராய்வு மிஷின். ஒரு கண்ணாடி உருளையைக் கைப்பிடியால் சுற்றுவார்கள், ஒரு தோல் திண்டு அதில் உரசிக்கொண்டே இருக்கும், கண்ணாடியில் சேரும் சார்ஜை ஒரு உலோகப் பகுதி வாங்கிக்கொள்ளும். கருவி செய்து விற்பவர்களிடம் போனால் அழகான பித்தளை வேலைப்பாட்டோடு கிடைக்கும். பைண்டிங் பையனுக்கு அது எட்டாக்கனி. அவர் போனது பழைய துணி, தட்டுமுட்டுச் சாமான் விற்கிற கடைக்கு. அங்கே இருந்த கண்ணாடி பாட்டில்களில் மனசு போய், காசு சேர்த்து வாங்கினார். முதலில் சாதாரண பாட்டிலை வைத்தே ஒரு மிஷின், பிறகு உண்மையான கண்ணாடி உருளையோடு ஒன்று. இன்னொரு பாட்டில் லெய்டன் ஜாடி ஆனது. அதாவது கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் உலோகத் தகடு, நடுவில் கண்ணாடி. என்னன்னு புரியுதா? கப்பாசிட்டர். இன்றைக்கு நாம் அளக்கிற யூனிட்டுக்கு யார் பெயரோ, அவர் கையில் இருந்த முதல் கப்பாசிட்டர் பழைய சாமான் கடைப் பாட்டில்.

இந்த இடத்தில் ஒன்று கவனியுங்க. அவர் வாங்கியது மட்டமான மிஷின் இல்லை. மிஷினையே வாங்கவில்லை. அதில் எந்தப் பாகத்தைத் தன்னால் செய்ய முடியாது என்று பார்த்தார். மரச் சட்டம் அடிக்கலாம், திண்டு தைக்கலாம், தோலும் நூலும் பசையும் பைண்டிங் கடைக்காரனுக்குப் பழகிய சாமான்கள்தான். கண்ணாடி ஊத முடியாது. காசு அதுக்கு மட்டும் போச்சு. என் 499 ரூபாய் கிட்டுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதான் உறைத்தது.

அடுத்து கிளாஸ். ஃப்ளீட் ஸ்ட்ரீட் பக்கம் நடந்து போகும்போது ஒரு நோட்டீஸ் பார்க்கிறார். ஜான் டேட்டம் என்பவர் தன் வீட்டில் மாலை நேரத்தில் அறிவியல் பாடம் எடுக்கிறார், ஒரு பாடத்துக்கு ஒரு ஷில்லிங். ஒரு ஷில்லிங் என்றால் 12 பென்னி. வாரம் சில பென்னியில் சோதனை செய்கிறவனுக்கு அது பெரிய தொகை. கட்டியது அண்ணன் ராபர்ட். அவரும் அப்பாவைப் போலக் கொல்லர். 1810, 1811 இரண்டு வருஷத்தில் பத்துக்கும் மேற்பட்ட பாடங்களுக்கு ஃபாரடே போனார். அந்த 1810-லேயே அப்பா இறந்து போனார். வீட்டில் அம்மாவும் மற்ற பிள்ளைகளும். அந்த நிலைமையில் ஒரு கொல்லன் சம்மட்டி அடித்துச் சம்பாதித்த ஷில்லிங்கைத் தம்பியின் மின்சாரக் கிறுக்குக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஃபாரடே வாழ்க்கையை எழுதுகிறவர்கள் ராபர்ட்டை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. என் ஃபர்ஸ்ட் இயர் லேப்டாப்புக்கு இஎம்ஐ கட்டியது வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் அக்கா. எனக்கு வேலை கிடைத்ததும் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவ சிரிக்கறா.

டேட்டம் சொன்னதையெல்லாம் ஃபாரடே குறிப்பெடுத்தார். ஆனால் கருவிகளின் படம் வரைய வரவில்லை. ரீபோ வீட்டில் மாஸ்கரியே என்ற பிரெஞ்சு ஓவியர் ஒருவர் குடியிருந்தார், நாட்டை விட்டு ஓடி வந்தவர். அவரிடம் பெர்ஸ்பெக்டிவ் வரையக் கற்றுக்கொண்டார். ஃபீஸ் கட்டக் காசு ஏது? அவருடைய ரூமைச் சுத்தம் செய்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்.

இனி 1812 ஜூலை. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். வோல்டா பேட்டரியைக் கண்டுபிடித்து அறிவித்து 12 வருஷம்தான் ஆகியிருந்தது. உராய்வு மிஷின் பொறி பறக்கவிடும், ஆனால் தொடர்ந்து கரண்ட் தராது. தொடர் கரண்ட் வேண்டும் என்றால் வோல்டாவின் அடுக்கு வேண்டும். துத்தநாகம், செம்பு, நடுவில் உப்புத் தண்ணியில் நனைத்த காகிதம், மறுபடி துத்தநாகம், செம்பு. ஃபாரடே மெல்லிய துத்தநாகத் தகடு வாங்கி வந்தார். அதிலிருந்து ஏழு வட்டத்தைத் தானே வெட்டினார். செம்பு வட்டத்துக்கு என்ன செய்வது? பாக்கெட்டில் கையை விட்டார். இங்கிலாந்தின் அரைப் பென்னி நாணயம் செம்பு. ஏழு அரைப் பென்னி, அதே அளவுக்கு வெட்டிய ஏழு துத்தநாக வட்டம், இடையிடையே உப்புத் தண்ணியில் ஊறிய ஆறு காகிதத் துண்டு. பேட்டரி ரெடி.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஏழு அரைப் பென்னி என்றால் மூன்றரைப் பென்னி. டேட்டத்தின் ஒரு பாடத்துக்கான கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் செலவு இல்லை, நாணயம் அப்படியே இருக்கும். சோதனை முடிந்ததும் கழுவிவிட்டுக் கடையில் கொடுத்து ரொட்டி வாங்கிக்கலாம். வாங்கினாரா தெரியாது, நான் வாங்கியிருப்பேன்.

செம்பு, துத்தநாகம், உப்புத் தண்ணி சேர்ந்தால் ஒரு செல்லுக்குச் சுமாராக முக்கால் வோல்ட் கிடைக்கும். எல்லாவற்றையும் சீரிஸில் அடுக்கினால் நாலஞ்சு வோல்ட் தேறும். இரண்டு முனையிலிருந்தும் வயரை எடுத்து எப்சம் உப்புக் கரைசலில் விட்டார். வயரில் குமிழ் கிளம்பியது. ரெண்டு மணி நேரத்தில் தெளிவாக இருந்த கரைசல் கலங்கிப் போனது. உப்பு பிரிந்து மெக்னீசியா மிதக்கிறது என்று புரிந்துகொண்டார். அந்தச் சந்தோஷத்தில் நண்பர் பெஞ்சமின் ஆபட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் கையாலேயே வெட்டினேன் என்று பெருமையில் குதிக்கிற கடிதம், ஆச்சரியக்குறி வரிசையாக நிற்கும். அப்போது அவருக்கு வயசு 20. என்னைவிட ஒரு வயசு சின்னவர். இருபது வருஷம் கழித்து மின்னாற்பகுப்பு விதிகளைக் கண்டுபிடித்தவரும் இவரேதான். செகண்ட் செம்மில் நாம் மனப்பாடம் செய்த விதிகள் அவை.

அதே வருஷம் வசந்த காலத்திலேயே இன்னொரு கதவு திறந்திருந்தது. ரீபோ கடைக்கு வரும் வில்லியம் டான்ஸ் என்ற இசைக் கலைஞர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி நிகழ்த்திய நான்கு உரைகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அந்தக் காலத்து ஸ்டார். டேட்டத்தின் ஒரு ஷில்லிங் கூட்டம் வேறு, பணக்காரர்கள் வண்டியில் வந்து இறங்கும் இந்தக் கூட்டம் வேறு. ஃபாரடே கேலரியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். வீட்டுக்குப் போய் விரித்து எழுதி, படம் வரைந்து, பைண்ட் செய்தார். பைண்டிங் அவருடைய சொந்தத் தொழில், அதனால் அந்தப் புத்தகம் பார்க்கவே கண்ணை எடுக்க முடியாதபடி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். டிசம்பரில் அதை டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார். டேவி பார்க்கச் சம்மதித்தார், ஆனால் வேலை எதுவும் காலி இல்லை, பைண்டிங்கையே பார்த்துக்கொள் என்ற பாணியில்தான் அறிவுரை வந்தது.

ஏழு வருஷ அப்ரண்டிஸ் காலம் அக்டோபரில் முடிந்திருந்தது. புது முதலாளி ஒரு கோபக்காரர். அந்த நாட்களில் ஃபாரடே ரொம்ப நொந்து போயிருந்தார். பிறகு 1813 பிப்ரவரியில் ஒரு சண்டை நடந்தது. ராயல் இன்ஸ்டிடியூஷனின் லேப் அசிஸ்டென்ட் பெய்ன் என்பவர், அங்கே கருவி செய்து கொடுக்கும் நியூமன் என்பவரை அடித்துவிட்டார். பெய்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். டேவிக்கு அந்த பைண்டிங் பையன் ஞாபகம் வந்தது. 1813 மார்ச் 1 அன்று ஃபாரடே வேலைக்குச் சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங், மாடியில் ரெண்டு ரூம், கணப்புக்குக் கரி, மெழுகுவத்தி. ஏப்ரனும் அவர்களே தர வேண்டும், கருவிகளைத் தன் சோதனைக்கும் எடுத்துக்கொள்வேன் என்று இவரும் பேசி வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்டு எடுக்கிற லேப், கடைசியில் அவருக்கும் கிடைத்தது.

சேர்ந்த சில வாரத்திலேயே ஒரு பாடம். டேவி அப்போது நைட்ரஜன் ட்ரைகுளோரைடில் வேலை செய்துகொண்டிருந்தார். தொட்டால் வெடிக்கும் எண்ணெய் மாதிரியான சரக்கு, முந்தின வருஷமே டேவியின் கண்ணைப் பதம் பார்த்தது அது. ஃபாரடேயும் டேவியும் கண்ணாடி பதித்த முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்தார்கள். ஒரு நாள் ஃபாரடே விரல்களுக்கு இடையில் பிடித்திருந்த சின்னக் குழாய் வெடித்தது. கை காயம், நகத்தில் ஒரு பகுதி பிய்ந்து போனது. முகமூடி முகத்தைக் காப்பாற்றியது. பாட்டிலைப் பழைய கடையில் வாங்கலாம், செம்புத் தகடுக்குப் பதில் நாணயம் வைக்கலாம். இந்த முகமூடிக்குப் பதிலாக வைக்க ஒன்றும் கிடையாது.

தம்பிக்கு நான் டைப் பண்ணிய முதல் வரி இதிலிருந்து வந்ததுதான். கட்டிங் பிளேயரை நல்லதாக வாங்கு, கைப்பிடியில் 1000 வோல்ட் என்று அச்சிட்டிருக்கணும். வெறும் பிளாஸ்டிக் உறை மாட்டினதெல்லாம் பிடிமானத்துக்குத்தான், ஷாக்குக்கு இல்லை. டெஸ்டரும் அப்படித்தான். நல்ல ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு போதும், செட் வேண்டாம். ஹேக்ஸாவும் உளியும் சைட்டில் யாரிடமாவது இருக்கும், கேட்டு வாங்கு. மல்டிமீட்டர் முதல் மாசம் உனக்குத் தேவையே படாது. வாங்கும்போது விலை குறைவாக இருக்கிறதே என்று கண்டதை வாங்காதே, கேட் த்ரீ என்று போட்டிருக்கிறதா பார், மெயின் போர்டில் வைக்கப் போகிறாய்.

சரி, ஃபாரடேக்குத் திரும்புவோம். 1813 அக்டோபரில் டேவி ஐரோப்பா கிளம்பினார், உதவியாளராக ஃபாரடே. டேவியின் வேலைக்காரர் கடைசி நேரத்தில் வர மறுத்ததால் அந்த வேலையும் இவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி இவரை வேலைக்காரனாகவே நடத்தினார். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனது. ஆனால் அந்தப் பயணத்தில் ஒன்றைப் பார்த்தார். டேவி ஒரு சின்னப் பெட்டியில் வேதியியல் சாமான்களைக் கட்டி எடுத்துப் போயிருந்தார். பாரிஸில் ஆம்பியர் முதலானவர்கள் கடற்பாசிச் சாம்பலிலிருந்து வந்த ஒரு புதிய பொருளைக் கொடுத்தபோது, அந்தப் பெட்டியை வைத்தே சோதித்து அது ஒரு புதுத் தனிமம் என்ற முடிவுக்கு டேவி வந்தார். அயோடின். பெரிய லேப் எதுவும் இல்லை, பெட்டி மட்டும்தான்.

லண்டன் திரும்பிய பிறகு வந்த வருஷங்களை வேகமாகத் தாண்டுகிறேன், கண்டுபிடிப்புகளை நீங்க எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். சாமான்களை மட்டும் பாருங்க. 1821-ல் உலகின் முதல் மோட்டார் என்று சொல்லக்கூடியதைச் செய்தார். ஒரு பாத்திரத்தில் பாதரசம், அதில் மெழுகால் நிறுத்திய ஒரு காந்தம், மேலிருந்து தொங்கும் ஒரு வயர், ஒரு பேட்டரி. கரண்ட் விட்டதும் வயர் காந்தத்தைச் சுற்றியது. 1824-ல் ஹைட்ரஜனைப் பிடித்து வைக்கப் பை தேவைப்பட்டது. ரெண்டு ரப்பர் ஷீட்டை ஒன்றன் மேல் ஒன்று வைத்து, உள்ளே ஒட்டாமல் இருக்க மாவு தூவி, ஓரத்தை அழுத்தி ஒட்டினார். பர்த்டே பார்ட்டியில் நீங்க ஊதற ரப்பர் பலூன் அங்கிருந்துதான் வருது. 1827-ல் லேப் வேலையை எப்படிச் செய்வது என்று மாணவர்களுக்கு ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். தியரி இல்லை, கை வேலை. எடை போடுவது எப்படி, வடிகட்டுவது எப்படி, விலை அதிகமான பாத்திரங்கள் இல்லாமல் சாதாரணக் கண்ணாடிக் குழாயை வளைத்தே எவ்வளவு வேலை முடிக்கலாம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. பழைய பாட்டில் வாங்கிய பையன் எழுதிய புத்தகம் வேறு எப்படி இருக்கும்?

1831 ஆகஸ்ட் 29. நம்ம டிபார்ட்மென்டே இருக்கக் காரணமான நாள். மெல்லிரும்பில் ஒரு வளையம், குறுக்களவு 6 அங்குலம், இரும்பின் தடிமன் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு பக்கம் செம்பு வயர், ஒவ்வொன்றும் சுமார் 24 அடி, மூன்று துண்டு. எதிர்ப் பக்கம் இரண்டு துண்டாகச் சேர்த்துச் சுமார் 60 அடி. டிரான்ஸ்ஃபார்மர்தான், வேறென்ன. ஆனால் எனாமல் பூசிய வைண்டிங் வயர் என்ற ஒன்று அன்று கடையில் கிடையாது. வெறும் செம்பு வயரைச் சுற்றினால் சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகும். ஃபாரடே சுற்றுகளுக்கு நடுவே சணல் கயிறு விட்டார், அடுக்குக்கு அடுக்கு காலிகோ துணி வைத்தார். இரும்பு அப்பா, அண்ணனின் சாமான். நூலும் துணியும் பைண்டிங் கடைச் சாமான். இதை வேணும்னே அவர் செய்தார்னு சொல்லலை, படிக்கும்போது எனக்கு அப்படித் தோணுச்சு.

ஒரு பக்கம் பேட்டரி கொடுத்தார். எதிர்ப் பக்கத்து வயர் சில அடி தள்ளி ஒரு காந்த ஊசிக்கு மேலே போனது. பேட்டரியை இணைத்த அந்த நொடியில் ஊசி அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. கழற்றும்போது மறுபடி அசைந்தது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றுமில்லை, மாறும்போது மட்டும்தான். அந்த மைனஸ் போட்ட ஃபார்முலா எழுதப்படும் முன்பு வெறும் ஊசியின் ஒரு துடிப்பாகத்தான் இருந்தது.

அக்டோபரில் காந்தத்தையே சுருளுக்குள் தள்ளி எடுத்துக் கரண்ட் வரவைத்தார். மாசக் கடைசியில் ஒரு செம்புத் தட்டைக் காந்த முனைகளுக்கு நடுவே சுற்றித் தொடர் கரண்ட் எடுத்தார். முதல் ஜெனரேட்டர். அதற்கு மிகப் பெரிய காந்தம் வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான எஃகுச் சட்டங்களைச் சேர்த்துக் கட்டிய அந்தக் காந்தம் ராயல் சொசைட்டிக்குச் சொந்தம், வூல்விச்சில் கிறிஸ்டி என்பவர் பொறுப்பில் இருந்தது. ஃபாரடே அங்கே போய் அதைப் பயன்படுத்திக்கொண்டார். தான் செய்ய முடியாததைக் கேட்டு வாங்குவதில் அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. இதையும் தம்பிக்கு எழுதினேன், அவனுக்குக் கூச்சம் ஜாஸ்தி.

பிற்காலத்தில் சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டி தலைவர் பதவியையும் ரெண்டு முறை மறுத்தார். 1867 ஆகஸ்ட் 25 அன்று, 75 வயதில் இறந்தார். லண்டன் ஹைகேட்டில் கல்லறை இருக்கிறது. அந்தப் பாட்டில் காலத்து உராய்வு மிஷின், மரச் சட்டத்தோடு ராயல் இன்ஸ்டிடியூஷனில் பத்திரமாக இருக்கிறது. இரும்பு வளையமும் அங்கேதான். போட்டோவில் கயிறும் துணியும் நல்லாவே தெரியும்.

வளையத்தின் போட்டோவை ரெண்டு நாள் லேட்டான பதிலோடு சேர்த்துத் தம்பிக்கு அனுப்பினேன். பிளேயர், டெஸ்டர், ரெண்டு ஸ்க்ரூ டிரைவர் வாங்கியாச்சு, மீதிக் காசு இருக்கு என்று பதில் வந்தது. பிறகு வளையத்தைப் பற்றி ஒரு கேள்வி. வைண்டிங் இவ்வளவு லூசா இருக்கே, இதை எந்த மேஸ்திரி ஏத்துக்கிட்டார்னு கேட்டான்.